அப்பளக் கவருக்கு அடியில்

மதுரையில் ஒரு செல்போன் கடையின் மாடியறையில், எந்தக் கம்பெனியிலும் சேராமல் தனியாகவே டிசைன் வேலை செய்துவந்தாள் ஜெசிந்தா. சாயங்காலத்தில் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுப்பாள். அவர்களில் மூத்தவர் குருமூர்த்தி. ஐம்பதை நெருங்கும்போது கம்பெனி வேலையை விட்டுவிட்டு டிசைனராகக் கிளம்பியவர். தன்னைவிடச் சின்னவளை அவர் 'டீச்சர்' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள். இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது.

ஒரு நாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"டீச்சர், இந்தத் தொழில்ல கடைசிவரைக்கும் நிலைச்சு நிக்கணும்னா என்ன செய்யணும்?"

"உட்காருங்க சார். இன்னைக்கு யார் உங்களை அசைச்சது?"

அவர் சிரிக்கவில்லை.

"அப்பளக் கம்பெனி அண்ணாச்சி ஓப்பன் ஃபைல் கேக்குறார். அவர் மருமகன் டிசைன் படிச்சிட்டு வந்திருக்காராம்."

அச்சுக்குப் போகும் படத்தை மட்டும் தருவது சாப்பாடு பரிமாறுவது மாதிரி. ஓப்பன் ஃபைல் தருவது அடுப்படியையே திறந்துவிடுவது. எழுத்து, படம், வண்ணம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் டிசைனர்கள் அதை லேசில் கொடுப்பதில்லை. வாடிக்கையாளரின் குடுமி நம் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வார்கள்.

"கொடுத்துட்டா அப்புறம் நான் அவருக்கு எதுக்கு? அவர் வேலையை நம்பித்தான் என் குடும்பமே ஓடுது, டீச்சர். நீங்க கொடுக்காதீங்கன்னு சொல்வீங்கன்னு வந்தேன்."

"ஃபைலைத் திறங்க, பார்ப்போம்."

"எதுக்கு?"

"பார்க்க ஆசையா இருக்கு."

அவர் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு காபி குடித்து முடித்திருக்கலாம். ஒருவழியாகத் திரையில் அப்பளக் கவர் பளிச்சென்று வந்தது. சிவப்பு, மஞ்சள், நடுவில் பொரிந்து எழும்பிய ஓர் அப்பளம். நல்ல டிசைன்தான், குறை சொல்ல முடியாது.

ஜெசிந்தா மௌஸை வாங்கி, அந்தச் சிவப்பைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். அடியில் ஒரு மாங்காய் ஊறுகாய் பாட்டில் இருந்தது.

"இது யாரு சார்?"

"பழைய பார்ட்டி. அளவு ஒண்ணா இருந்துச்சு. அது மேலேயே போட்டுட்டேன்."

ஊறுகாயையும் நகர்த்தினாள். சோப்புத்தூள் வந்தது.

"அட! இவங்க?"

"அதுக்கும் முந்தி."

"இந்த எழுத்து ஏன் படமா இருக்கு?"

"அந்த ஃபான்ட் என்கிட்ட இல்லை. ஒரு கடை போர்டை போட்டோ எடுத்து ஒட்டிட்டேன்."

அவள் திட்டவில்லை. புதுத் தெருவுக்குள் நுழைந்தவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது குருமூர்த்திக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது.

"சார், அண்ணாச்சி போயிடுவார்னு பயமா? இல்ல, மருமகன் இதைத் திறப்பார்னு பயமா?"

அவர் மௌஸைத் திரும்ப வாங்கி, சிவப்பை இழுத்து எல்லாவற்றையும் மூடினார்.

"ரெண்டும்தான்" என்றார் கடைசியில்.

போன் அடித்தது. அண்ணாச்சிதான். குருமூர்த்தி எடுக்கவில்லை.

"உங்ககிட்ட கேட்டா நீங்க கொடுப்பீங்களா, டீச்சர்?"

"கொடுத்திருக்கேன்."

"வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்தாங்களா?"

"கொஞ்சப் பேர் வந்தாங்க. நிறையப் பேர் வரலை."

எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள் என்று சொல்வாள் என நினைத்தவருக்கு முகம் தொங்கிப்போனது.

"அப்புறம் எப்படித்தான் இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சீங்க?"

ஜெசிந்தா தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "எதை வேணும்னாலும் திறங்க."

வீம்புக்காகவே, இருப்பதிலேயே அற்பமான வேலையாகத் தேடினார். ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் கிடைத்தது. ஏழெட்டு வருஷப் பழசு. அதன் சிவப்புப் பின்னணியைப் பிடித்து நகர்த்திப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை. தாய்மாமன்கள் ஒவ்வொருவரின் படத்துக்கும் பெயர் போட்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'இந்த நீலம் பிரிண்டில் கறுத்துவிடும். கொஞ்சம் வெளுப்பாக வைக்கவும்.'

அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"டீச்சர், இது ஒரு நாள் கூத்து. மறுநாளே அவுத்துக் கோழிக்கூண்டு மேல போட்டிருப்பாங்க. இதுக்குப் போய் உள்ளே இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. யார் பார்க்கப்போறாங்கன்னு செஞ்சீங்க?"

"இப்ப நீங்க பார்க்குறீங்களே, சார்."

குருமூர்த்தி அந்த நீலக் குறிப்பை இன்னொரு தடவை படித்தார்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"தர்றேன் அண்ணாச்சி. ஓப்பன் ஃபைலேதான். நாளைக்குச் சாயங்காலம்."

அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. அவர் டீச்சரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, இழுத்தடிக்கலை அண்ணாச்சி. உள்ளே குப்பையாக் கிடக்கு. பெருக்கிட்டுத் தர்றேன்."