நுண்ணோக்கியில் ஒரு புழு

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக ஸ்லைடுகளைக் கழுவி அடுக்குகிறவள் செல்லக்கனி. ஒருநாள் மாணவிகளுக்குத் தவளை ரத்தம் காட்டுவதற்காக மைக்ரோஸ்கோப்பில் குனிந்த துறைத்தலைவர் சபாநாயகம் பொரிந்து தள்ளினார்.

"நடுவுல கறுப்பா ஒரு புழு. ஸ்லைடு கழுவுற லட்சணமா இது? நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"கண்ணை எடுக்காதீங்க சார். புழு ஸ்லைடுலதானே இருக்கு?"

"வேற எங்க இருக்கும்?"

அவள் ஸ்லைடை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். "இப்ப?"

"இப்பவும் அங்கேயேதான் கிடக்கு," என்றார் அவர்.

அவள் கையிலிருந்த ஸ்லைடைப் பார்த்து மாணவிகள் சிரித்துவிட்டார்கள். அவர் கண் வைத்திருந்த மேல்வில்லையைச் செல்லக்கனி லேசாகத் திருகினாள். புழுவும் கூடவே சுற்றியது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அவள் வில்லையைக் கழற்றி, வெள்ளைத் துணியால் துடைத்து நீட்டினாள். துணியில் கறுப்பாக ஒரு முடி ஒட்டியிருந்தது.

"உங்க புருவ முடி சார். அடிச்ச டை கூட இன்னும் காயலை. வேலைக்கு வராதேன்னு இந்தப் பிள்ளைங்க முன்னாடி சொன்னீங்க. தப்பு உங்களோடதுன்னு நீங்க சொல்றதையும் இவங்களே கேக்கட்டும்."

அவர் வாய் திறந்து அதைச் சொல்லும்வரை வில்லையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.