முதலாளியின் ஆறிப்போன டீ

வைரக்கண்ணு முதலாளியின் டிக்கெட் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ரயிலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். வைரசுக்குப் பயந்து, வருகிற பக்கத்தையெல்லாம் சோதிக்கும் ஆன்டிவைரஸ் இரண்டைப் போட்டு வைத்திருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள வேகமாக்கு. என் ஆன்டிவைரஸைக் குறை சொன்னே, வேலை கிடையாது" என்றார், கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடியிடம்.

"சரிங்கய்யா" என்றவள், அவருக்கு வரும் டீயை முதலில் வாட்ச்மேனும் பிறகு கணக்குப்பிள்ளையும் வடிகட்டிச் சோதிக்கும்படி ஏற்பாடு செய்தாள்.

ஒரு வாய் குடித்த முதலாளி திடுக்கிட்டுப் போனார். "என்ன இது, பச்சைத் தண்ணியா ஆறிப்போயிருக்கு?"

"தூசி தும்பு வரக்கூடாதுன்னு ரெண்டு பேர் வடிகட்டினாங்கய்யா."

"அறிவிருக்கா? ஒருத்தர் வடிகட்டினா போதாதா?"

பொற்கொடி மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் வாயே திறக்கலைங்கய்யா, நீங்கதான் சொன்னீங்க. ரெண்டுல எதை எடுக்கட்டும்?"