ஷிரீன் கொண்டு வந்த தண்ணீர்

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, பூநாரைகள் கொக்கைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தன. அவற்றின் அலகும் நேராகவே இருந்தது.

கோரையேரியில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் தொடங்கியதும் தூர தேசங்களிலிருந்து பறவைகள் வந்து இறங்கும். ஒவ்வொரு குஞ்சின் கழுத்திலும் சின்னச் சுரைக்குடுக்கை ஒன்று தொங்கும். அதற்குள் அந்தக் குஞ்சு பிறந்த ஊரின் தண்ணீர் இருக்கும். ஏரியோரத்தில் நாணல் சூழ்ந்த ஆழமில்லாத ஒதுக்கு ஒன்று இருந்தது. அதற்குக் குஞ்சுத்துறை என்று பெயர். எல்லாக் குஞ்சுகளும் அங்கே கூடி, கொண்டு வந்த தண்ணீரை ஊற்றி, தங்கள் ஊர் நீரைப் பற்றிச் சொல்லும். ஏரிக் குஞ்சுகள் அந்தக் குடுக்கைகளில் ஏரித் தண்ணீரை நிரப்பித் தரும். திரும்பிப் போகும் பறவைகள் அதைத் தங்கள் ஊர் நீரில் சேர்க்கும். அதனால் உலகத்தில் எந்தத் தண்ணீரும் இன்னொரு தண்ணீருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

அந்த ஆண்டு ஷிரீன் என்ற பூநாரைக் குஞ்சு முதல் முறையாக வந்தாள். கடல் தாண்டி, மலை தாண்டி, ஒரு பெரிய உப்பு ஏரியிலிருந்து வந்தவள். வந்த இடத்தில் இரண்டு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஒருவன் பனிமலை தேசத்து வாத்துக் குஞ்சு நோர்பு. இன்னொருத்தி இதே ஏரியில் பிறந்த முக்குளிப்பான் குஞ்சு குமிழி.

"எங்க ஊர்த் தண்ணி பனி உருகி வந்தது. குடிச்சா பல்லு கூசும்" என்றான் நோர்பு.

"உனக்கு ஏதுடா பல்லு?" என்றாள் குமிழி.

"இருந்தா கூசும்னு சொன்னேன்." நோர்பு ஷிரீனின் குடுக்கையைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். உடனே துப்பினான். "ஐயே, உப்பு! இதை ஊத்தினா மீனெல்லாம் கருவாடாயிடும்!"

எல்லாக் குஞ்சுகளும் சிரித்தன. குமிழியும் சிரித்தாள். ஷிரீன்கூடச் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் அவளுக்கு இரை இறங்கவில்லை.

மறுநாள் அவள் தனியே பறந்து போனாள். மேட்டுக்கு அப்பால் மனிதர்கள் துணிக்குச் சாயம் போடும் இடம் இருந்தது. ஒரு குழியில் சிவப்பு நீர் தேங்கிக் கிடந்தது. அந்திச் சூரியனை யாரோ கரைத்து வைத்தது போல அத்தனை அழகு. ஷிரீன் அக்கம் பக்கம் பார்த்தாள். தன் ஊர்த் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். மண் அதை உறிஞ்சிக்கொண்டு, மேலே வெள்ளையாகக் கொஞ்சம் உப்பை மட்டும் விட்டுவைத்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல் குழியின் அடியில் தங்கியிருந்த கெட்டிச் சாயத்தைக் குடுக்கை நிறைய அள்ளிக்கொண்டாள்.

நீர் ஊற்றும் நாள் வந்தது. ஷிரீன் தன் குடுக்கையைக் கவிழ்த்தாள். குஞ்சுத்துறை முழுவதும் சிவப்பு விரிந்தது. "அடேயப்பா!" என்று கரையெல்லாம் வாய் பிளந்தது.

"எங்க ஏரி சாயங்காலத்துல இப்படித்தான் இருக்கும்" என்றாள் ஷிரீன்.

வெயில் ஏறுவதற்குள் நீர்ப்பூச்சிகள் மல்லாந்து மிதந்தன. குட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நாணல் நடுவே மிதக்கும் கூட்டிலிருந்து குமிழியின் அம்மா அலறினாள். "ஐயோ, முட்டைக்குள்ள தட்டுற சத்தம் கேக்குதே! என் பிள்ளைங்க வெளிய வந்ததும் தண்ணியிலதானே குதிக்கும்!"

ஏரிக்குப் பெரியவரான கூழைக்கடா இறக்கையை விரித்துக்கொண்டு எழுந்தார். "போதும் இந்தக் கொண்டாட்டம்! இனிமே எவன் ஊர்த் தண்ணியும் இங்க வேண்டாம். வந்தவங்க எல்லாரும் இப்பவே கிளம்புங்க!"

நோர்புவின் கூட்டம் கிளம்ப இறக்கையை உதறியது. குமிழி ஷிரீனிடம் நீந்தி வந்தாள்.

"இது நிஜமாவே உங்க ஊர்த் தண்ணியா?"

"இல்ல. எங்க ஊர்த் தண்ணிய நான் கீழ கொட்டிட்டேன்."

"ஏண்டி?"

"நீயும் சிரிச்சியே."



ஷிரீன் சிவந்த நீரைப் பார்த்தாள். "எங்க ஏரியில உப்போடதான் சாப்பாடு கிடக்கும். வாயில அள்ளி, நாக்கால அழுத்தி, தண்ணிய வெளிய தள்ளிட்டு மிச்சத்தை வச்சுக்குவோம். பொறந்ததுலேர்ந்து செய்யற வேலை. இந்தச் சாயத்தையும் அப்படியே எடுத்துடுவேன்."

"எடுத்து? முழுங்கிடுவியா?"

"வேற எங்க வைக்கிறது?"

அவள் துறையில் இறங்கினாள். சாயம் அடியில் படிந்திருந்தது. நேரான அலகின் நுனி மட்டுமே அதைத் தொட்டது. கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைச் சேற்றில் படுக்க வைத்தாள். நாக்கு ஓடியது. பக்கவாட்டில் தண்ணீர் தெளிவாக வெளியேறியது. அலகை அழுத்த அழுத்த அது நடுவில் வளைந்தது. சாயம் தொண்டைக்குள் போகப் போக, காலில் ஏறிய சிவப்பு இறக்கையிலும் ஏறியது. ஷிரீனின் அம்மா பார்த்தாள். மகளுக்குப் பக்கத்தில் வந்து தானும் தலையைக் கவிழ்த்தாள். பிறகு பூநாரைக் கூட்டமே இறங்கியது.

கிளம்ப நின்ற நோர்பு கத்தினான்: "வாங்கடா, துறை வாயை அடைப்போம்! இது ஏரிக்குள்ள போயிடக் கூடாது!" வாத்துகள் கோரையைப் பிடுங்கிப் பிடுங்கி அடைத்தன. கூழைக்கடா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே நின்றார். பின்பு ஏரி நடுவே போய், தாடைப் பை நிறைய நல்ல தண்ணீர் கொண்டு வந்து துறையில் விட்டார். மறுபடியும் போனார்.

பொழுது சாயும் வேளையில் ஒரு முட்டை உடைந்தது. விரலளவு குஞ்சு ஒன்று வெளியே வந்து, யாரையும் கேட்காமல் தொப்பென்று நீரில் விழுந்து முங்கிப்போனது. கரையிலிருந்த கழுத்துகளெல்லாம் நீண்டன.

சற்றுத் தள்ளி அது எழுந்து தலையை உதறிக்கொண்டு, "பசிக்குது!" என்றது.

அந்த ஏரி அதற்கு முன் அப்படிச் சிரித்ததில்லை.

கூழைக்கடா தொண்டையைச் செருமினார். "வழக்கம் இருக்கட்டும். ஆனா ஒண்ணு. ஊத்துறவங்க முதல்ல ஒரு வாய் தாங்களே குடிச்சுக் காட்டணும்."

"அடுத்த வருஷம் உப்புத் தண்ணியே கொண்டு வா. முதல் வாய் நான் குடிக்கிறேன்" என்றாள் குமிழி.

வளைந்த அலகு மறுபடி நேராகவில்லை. "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் தாய்.

"இல்லம்மா. தலையைக் கவுத்தா, இந்த வளைவுதான் தண்ணிக்கு அடியில நேராப் படுக்குது."

அன்று முதல்தான் பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி உண்கிறது. சாம்பல் நிறத்தில் பிறக்கும் அதன் குஞ்சும், போகிற ஊர்த் தண்ணீரையெல்லாம் சலித்துச் சலித்தே சிவக்கிறது.