சூரத்து விலை

பரமக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வைத்திலிங்கம் முதலாளிக்குக் கணக்கு தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு சூரத்திலிருந்து எட்டு மூட்டை சேலை வந்து இறங்கியது. கணக்கெழுதும் பூரணம், சேலை விலையோடு லாரி வாடகை ஆறாயிரத்தையும் சேர்த்து அடக்க விலை எழுதினாள். நோட்டைப் பார்த்த முதலாளி கடையே அதிரக் கத்தினார்.

“சூரத்தில் என்ன விலையோ அதுதான் சேலை விலை! லாரிக்கும் சேலைக்கும் என்னம்மா சம்பந்தம்? வாடகையை உன் சம்பளத்தில் பிடிக்கிறேன்.”

பூரணத்தின் சம்பளமே ஒன்பதாயிரம். ஆனாலும், “பிடிச்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க முதலாளி” என்றாள். அவரும் பெருமையாகப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை, வாசலில் பூரணம் கூட்டி வந்த ஒரு லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. துணி எடுக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது.

“ஏய், எங்கே கொண்டு போறே?”

“சூரத்துக்கு முதலாளி. சேலை உங்களுது, நான் தொட மாட்டேன். ஆனா அது இங்கே வந்து சேர்ந்தது என் காசில. சூரத்து விலைச் சேலையை நீங்க சூரத்திலேயே வித்துக்கங்க.”

“அப்ப நாங்க ரயில் ஏறணுமா அண்ணாச்சி?” என்று ஒருத்தி கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

லாரி உறுமியது. முதலாளி வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி குறுக்கே பாய்ந்தார்.

“இறக்குங்கடா! லாரி வாடகையும் சேலை விலைதான்! பிடிச்சதைத் திருப்பித் தர்றேன்!”

“ஏத்தி இறக்குன கூலி முதலாளி?”

“அதையும் சேலை விலையிலேயே எழுதித் தொலை!”

“அது சேலைக்குச் சேராதுங்க” என்று பூரணம் பேனாவைத் திறந்தாள். “உங்க சொந்தச் செலவு.”