உடும்பு கும்பிடுவதை விட்ட கதை

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசிப் புழங்கியபோது, கட்டையன் என்ற உடும்பு தன் மனைவி வேம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மதிய வேளையில். அவள் தலை மட்டும் செம்மண் கலந்த ஆற்றுநீருக்கு மேலே தெரிந்தது. வாய் எதையோ சொன்னது. வெள்ளத்தின் இரைச்சலில் அது கேட்கவில்லை.

கட்டையனுக்கு அப்போது நகமில்லாத, மெத்தென்ற கைகள். யார் எதிரே வந்தாலும் எழுந்து நின்று இரு கையும் கூப்புவது உடும்புக் குலத்து வழக்கம்.

"ஓணானுக்கும் கும்பிடு, ஓடுற தண்ணிக்கும் கும்பிடு. எனக்கு ஒருநாள் போட்டிருக்கியாய்யா?" என்று வேம்பி கேலி செய்வாள்.

"நீ எங்க புள்ள எதிர்ல வர்ற? கூடவேதானே வர்ற" என்பான் கட்டையன்.

ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. இருவரும் பாறைமேல் ஏறும்போது வேம்பிக்குக் கால் வழுக்கியது. கட்டையன் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றினான்.

"கெட்டியாப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் புள்ள."

"சும்மா சொல்லாத. கெட்டியாவா?"

"கெட்டியாத்தான்."

அப்போது ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. அதன்மேல் அந்த ஆற்றிலேயே மூத்த ஆமை உட்கார்ந்திருந்தது.

"என்னப்பா கட்டையா, சௌக்கியமா?"

கட்டையன் யோசிக்கவில்லை. எழுந்தான். கும்பிட்டான்.

கைகள் நெஞ்சுக்கு வந்த பிறகுதான், அவற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

ஆமை கரையேறித் திரும்பி வந்து அழுதது. "நான் கூப்பிட்டிருக்கக் கூடாதப்பா."

"உங்க மேல தப்பில்ல பெரியவரே" என்றான் கட்டையன். ஆனால் ஆமையைப் பார்த்துக் கை கூப்பவில்லை. பாறை விளிம்பில் அதே இடத்தில் படுத்து, விரல்களைக் கல்லில் அழுத்தினான். மழை போனது, வெயில் வந்தது. தோல் தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் நகம் முளைத்து வளைந்தது.

ஒரு காகம் வந்து கேட்டது: "அவதான் போயிட்டாளே. இன்னும் எதுக்குய்யா பிடிச்சுக்கிட்டுக் கிடக்க?"

கட்டையனுக்குத் தலை தூக்கவும் அலுப்பாக இருந்தது.

"கெட்டியாவான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்."

அன்று முதல்தான் உடும்பு யாரையும் கும்பிடுவதில்லை. பற்றியதை விடுவதும் இல்லை. விடாமல் பிடிப்பதை மனிதர்கள் உடும்புப்பிடி என்கிறார்கள். அந்தப் பாறை ஆற்றில் அப்படியே கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால், அதன் விளிம்பில் பத்து நகத்தடங்கள் தெரியும்.