கூண்டுக்கு வெளியே போன பேத்தை மீன்

அலை ஓயாத ஒரு கடலில், பவளப் பாறை இடுக்கில், ஒரு பேத்தை மீன் இருந்தது. உள்ளங்கை அளவு மீன்தான். ஆனால் மடமடவென்று தண்ணீரைக் குடித்தால் முள் முளைத்த பந்தாக உப்பிவிடும். பார்த்த மீன்களெல்லாம் விலகி ஓடும். அதனால் அதற்குத் தலைகால் புரியாத கர்வம், குழந்தைகளே!

பாறைக்குக் கீழே ஆழத்தில் ஓர் இரும்புக் கூண்டு கிடந்தது. சுறாவைப் பார்க்க முங்கிய மனிதர்கள் புயலில் விட்டுப்போன கூண்டு அது. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைச் சுறா அந்த வழியாகப் போகும். பாறைவாசிகள் கூண்டுக்குள் பத்திரமாக இருந்துகொண்டு அதைப் பார்ப்பது வழக்கம்.

இந்த முறை நண்டு தலைமை தாங்கியது. கடற்குதிரையும் பேத்தையும் கூடவே இறங்கின.

"கம்பியைத் தாண்டி யாரும் போகக் கூடாது. பார்க்க வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம்" என்றது நண்டு.

"நானா பார்க்க வந்தேன்? சுறா என்னைக் கண்டு மிரளப்போகிறது. அதை நீங்கள் பாருங்கள்" என்றது பேத்தை.

கடற்குதிரை வாலால் கம்பியைச் சுற்றிக்கொண்டு, "வருகிறது, வருகிறது!" என்று கிசுகிசுத்தது.

நீல இருட்டிலிருந்து சுறா வந்தது. அதனிடம் அவசரமே இல்லை. வாலை ஒருமுறைதான் அசைத்தது. கூண்டுக்கு எதிரே வந்துவிட்டது.

"அடேயப்பா, என்ன கம்பீரம்!" என்று நண்டே வாயைப் பிளந்தது.

பேத்தைக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் சுறாவைப் புகழ்ந்தால் நாளைக்குத் தன்னை யார் மதிப்பார்கள்? கம்பி இடுக்கில் நழுவி வெளியே போனது. மூச்சுமுட்டத் தண்ணீர் குடித்து, பந்தாக உப்பி நின்றது.

சுறா மிரளவில்லை. நேராகத் திரும்பி வந்தது. அதன் கறுத்த கண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பேத்தை சட்டென்று திரும்பியது. கூண்டை நோக்கி உருண்டு பாய்ந்தது. டங்! கம்பியில் மோதித் திரும்பியது. மறுபடி பாய்ந்தது. டங்! இரண்டு முட்கள் ஒடிந்ததுதான் மிச்சம்.

"தண்ணீரைத் துப்பு! சுருங்கினால்தான் உள்ளே வர முடியும்!" என்று கத்தியது நண்டு.

"உங்கள் முன்னாலா சுருங்குவது?"

"வீறாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உயிரோடு வா!"

சுறாவின் பற்கள் தெரிந்தன. பேத்தை கண்ணை மூடிக்கொண்டு, குடித்த தண்ணீரையெல்லாம் துப்பியது. பழையபடி சிறிய மீனாகி, வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது.

சுறாவின் மூக்கு கம்பியை உரசியது. கூண்டே ஆடியது. பிறகு அந்தப் பெரிய உடம்பு நிதானமாகத் திரும்பி, வெள்ளை வயிறு மின்ன, ஆழத்துக்குள் போயிற்று. வால் மறையும்வரை பேத்தை கண்கொட்டவில்லை.

"பேத்தை அண்ணா, அத்தனை பக்கத்தில் நின்றீர்களே, நன்றாகப் பார்த்தீர்களா?" என்று கேட்டது கடற்குதிரை.

"வெளியே நின்றபோது எனக்கு என் நினைப்புதான். உள்ளே வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்" என்றது பேத்தை. "அம்மாடி, என்ன அழகு!"

நீதி: தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்பவன் கண்ணுக்குப் பிறருடைய பெருமை தெரியாது.