தொம்மையின் கேமராவில் பேட்டரி நிற்கவில்லை

தூத்துக்குடியில் ரெஜினா டீச்சரிடம் ஃபிலிம் கேமரா பழக வந்தவர்களில் தொம்மைதான் மூத்தவர். டீச்சரைவிடவே வயதில் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. காரணம் டீச்சருக்கு மட்டும் தெரியும்.

கேமரா அவர் மகள் ஃபிலோமினாவுடையது. மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனபோது உள்ளே பாதி ஃபிலிம் மிச்சம் இருந்தது. பாதியிலேயே எடுத்துக் கழுவ தொம்மைக்கு மனசு வரவில்லை. மிச்சத்தைத் தானே எடுத்து முடித்துவிட்டுக் கழுவ வேண்டும். அவள் கடைசியாக எதைப் படம் எடுத்தாள் என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

ஷட்டர் விழ பேட்டரி வேண்டும். பேட்டரியோ நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், இதுவும் செத்துப்போச்சு."

"பழைய சரக்கா இருக்கும் அண்ணாச்சி."

"கடைய மாத்திட்டேன். கம்பெனியும் மாத்திட்டேன்."

"உள்ள தகட்டுல பச்சைக் களிம்பு பூத்திருக்கா?"

"நீங்க சொன்ன மாதிரியே வினிகர் தொட்டுத் துடைச்சேன். பளபளன்னு இருக்கு." அவர் கேமராவை மேசைமேல் வைத்தார். "என் கைராசி அப்படி. பெத்த பிள்ளையே நிக்கல, பேட்டரியா நிக்கப் போவுது?"

டீச்சர் கேமராவைப் பார்த்தார். ஃபிலிம் சுற்றும் லீவர் மடங்காமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த ரகக் கேமராவில் லீவர் வெளியே இருக்கும்வரை வெளிச்சம் அளக்கும் முள் விழித்தே இருக்கும். பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். முதல் நாள் பாடமே அதுதான்.

டீச்சர் வகுப்புக் கேமராவை எடுத்தார். அதுவும் அதே ரகம். லீவரை வெளியே இழுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை அலமாரியில வைங்க அண்ணாச்சி."

தொம்மை வாங்கினார். கட்டைவிரல் தன்பாட்டுக்கு லீவரை 'டக்'கென்று உள்ளே தள்ளியது. வைத்துவிட்டுத் திரும்பினார்.

டீச்சர் மகளின் கேமராவை நீட்டினார்.

"இதையும் வைங்க."

கட்டைவிரல் லீவர்வரை போய் நின்றுவிட்டது. ஊரில் இத்தனை கடை ஏறி இறங்கிய மனுஷர், தன் கட்டைவிரலை மட்டும் இத்தனை நாளும் பார்க்காமலே இருந்துவிட்டார்.

"முடியாது டீச்சர்."

"ம்."

"அடுத்த படத்துக்குன்னு அவ இழுத்து வச்சது. அதை நான் எப்படி மூட?"

தொம்மை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மகளின் சவப்பெட்டியை மூடியபோதுகூட அவர் இப்படி அழவில்லை.

"மூடாம ஒரு வழி கிடையாதா?"

"இருக்கு."

டீச்சர் கேமராவின் அடிமூடியைத் திருகி, தீர்ந்துபோன பேட்டரியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே பேட்டரியே போடாதீங்க. லீவர் அவ வச்சபடியே இருக்கும்."

"படம் எடுக்க முடியாது."

"முடியாது."

தொம்மை அவசரமாகத் தலையாட்டினார். பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அவ எடுத்த படம் உள்ள பத்திரமா இருக்கும்ல?"

"கழுவாத ஃபிலிம் அண்ணாச்சி. உள்ளேயே கொஞ்சங்கொஞ்சமா மங்கும்."

"மங்குறது எனக்குத் தெரியலையே?"

"பேட்டரி தீர்ந்தா முள்ளு விழுந்து காட்டிருது," என்றார் டீச்சர். "அதுக்கு முள்ளு கிடையாது."